பாடத்திட்டத்திற்கு அப்பால் ஒரு வகுப்பறை: பரிதிமாற்கலைஞரின் வாழ்வும் மாணவர் ஆய்வுநெறியும்

ஆய்வுச் சுருக்கம்

வி. கோ. சூரியநாராயண சாத்திரியார் என்னும் இயற்பெயர் கொண்ட பரிதிமாற்கலைஞர் (1870 – 1903) உயர்தனிச் செம்மொழிக் கருத்தின் முன்னோடியாகவும் தனித்தமிழ் உணர்வின் தொடக்கப்புள்ளியாகவும் பெரிதும் பேசப்படுகிறார். அவர் ஒரு கல்லூரி மாணவராக உருவான விதமும், கல்லூரி ஆசிரியராக மாணவரை உருவாக்கிய விதமும் அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. இளநிலை மாணவரை ஆய்விலும் படைப்பிலும் ஈடுபடுத்தும் ஆசிரியர் – மாணவர் உறவு எவ்வாறு அமைந்தது என்னும் நோக்கில் அவருடைய வாழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. விடை தெரியாத வினாவை மாணவர்முன் வைத்தல், தேர்வுக்கு வெளியே மாணவருக்கு ஓர் அடையாளம் தருதல், ஆசிரியர் தாமே ஆய்ந்தும் படைத்தும் தம் ஆக்கத்தைப் பிறர் மதிப்பீட்டிற்கு உட்படுத்துதல் ஆகிய மூன்று கூறுகள் அவ்வாழ்வில் புலப்படுகின்றன. இம்மூன்றும் நிலைபெறப் பாடத்திட்டத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதை 1902ஆம் ஆண்டு நிகழ்வு உணர்த்துகிறது.

திறவுச்சொற்கள்

பரிதிமாற்கலைஞர், சென்னைக் கிறித்தவக் கல்லூரி, இயற்றமிழ் மாணவர், நாடகவியல், ஞானபோதினி, இளநிலை ஆய்வு, ஆசிரியர் வழிகாட்டல்.

முன்னுரை

தமிழ் இலக்கியம் பயிலும் இளநிலை மாணவர் தம் இறுதிப் பருவத்தில் ஒரு திட்டக்கட்டுரை எழுதுவது இன்று பல கல்லூரிகளில் வழக்கமாகியுள்ளது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு இளநிலைப் படிப்பின் இறுதியாண்டை ஆய்வோடு இணைத்துப் பேசுகிறது. இத்தகைய ஏற்பாடுகள் இளநிலை மாணவரும் ஆய்வு செய்ய வல்லவர் என்னும் எண்ணத்தின்மேல் எழுந்தவை. ஆயினும், நடைமுறையில் இக்கட்டுரைகளுட் பல, முன்பு எழுதப்பட்டவற்றின் மறுபதிவுகளாக முடிந்துவிடுவதை இத்துறையில் உள்ளோர் அறிவர். பக்க எண்ணிக்கை நிறைவேறுகிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. மாணவரிடம் ஒரு வினா பிறந்ததா என்பது மட்டும் கேட்கப்படுவதில்லை.

இச்சூழலில், இளநிலை மாணவரின் ஆய்வையும் படைப்பையும் ஆசிரியர் எவ்வாறு தூண்டமுடியும் என்னும் வினாவிற்குத் தமிழ்க்கல்வி வரலாற்றிலிருந்தே ஒரு சான்றைக் காட்டமுடியும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் விளங்கிய பரிதிமாற்கலைஞரின் வாழ்வே அச்சான்று. அவர் வாழ்ந்தது முப்பத்து மூன்று ஆண்டுகள். கல்லூரியில் கற்பித்தது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். அக்குறுகிய காலத்துள் அவர் செய்தவற்றைக் காலமுறையில் பின்தொடர்வதே இக்கட்டுரையின் வழியாகும்.

விளாச்சேரியும் மதுரையும்

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் கோவிந்தசிவனாருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகச் சூரியநாராயணர் பிறந்தார். வடமொழிப் புலமை மரபாக விளங்கிய குடும்பம் அது. வடமொழியின் முதற்பாடத்தைத் தந்தையிடமே கற்றார். தமிழை மதுரையில் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் முறையாகப் பயின்றார். ஆங்கிலக் கல்வி இவற்றோடு சேர்ந்தது. ஆக, மூன்று மொழிகளின் மூன்று வகைக் கற்பித்தல் முறைகள் ஓர் இளைஞரிடம் ஒன்றுகூடின. வடமொழி செவிவழி ஓதலாக வந்தது. தமிழ் ஆசிரியரின் அருகிருந்து பாடங்கேட்டலாக வந்தது. ஆங்கிலம் பாடநூலும் தேர்வுமாக வந்தது.

இவற்றுள் பாடங்கேட்டல் மரபு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. அம்மரபில் நேரவரையறை இல்லை. ஆண்டிறுதித் தேர்வும் இல்லை. ஒரு நூலை முடித்த மாணவர் அடுத்த நூலைக் கேட்பார், செய்யுள் இயற்றிக் காட்டுவார், ஆசிரியர் திருத்துவார். கற்றலும் படைத்தலும் அங்கே பிரிக்கப்படாதவை. யாப்பு அறிந்தவர் யாப்பில் எழுதியாக வேண்டும் என்பது அம்மரபின் எழுதப்படாத விதி. பின்னாளில் கல்லூரிக்குள் தமிழாசிரியராக நுழைந்தபோது சூரியநாராயணர் உடன் கொண்டுவந்தது இவ்விதியையே எனலாம்.

கிறித்தவக் கல்லூரியில் மாணவர்

இளங்கலைப் படிப்பிற்காக அவர் சேர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி அந்நாளில் உயர்நீதிமன்றத்திற்கு எதிரே சென்னை நகரின் நடுவில் இருந்தது. தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது 1937இல்தான். கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லர். 1862இல் சென்னைக்கு வந்த அவர், வகுப்பறைக்கு வெளியிலும் மாணவரின் வளர்ச்சியைக் கருதியவர். 1883 முதல் அக்கல்லூரியின் பெயரில் ஓர் இதழ் வெளிவந்துகொண்டிருந்தது. சேக்சுபியரின் நாடகங்களை வாழ்வியல் நோக்கில் விளக்கி மில்லர் நூல்கள் எழுதினார். அவரிடம் பயின்ற மாணவர் ஒருவர் பின்னர்த் தமிழில் நாடகங்கள் எழுதியதையும் நாடகத்திற்கே இலக்கணம் வகுத்ததையும் தற்செயல் எனக் கொள்ள இயலவில்லை.

மில்லருக்கும் இம்மாணவருக்கும் இடையே நிகழ்ந்த ஒரு வகுப்பறை நிகழ்ச்சி வாழ்க்கை வரலாறுகளில் தொடர்ந்து கூறப்பட்டு வருகிறது. ஆர்தர் மன்னனின் இறுதியைப் பாடும் தென்னிசனின் கவிதையை மில்லர் நடத்திக்கொண்டிருந்தார். புண்பட்ட மன்னனை ஏற்றிக்கொண்டு நீரில் நகரும் ஓடம் அன்னத்திற்கு ஒப்பிடப்படும் இடம் வந்தது. இத்தகைய உவமை உங்கள் மொழியில் உண்டோ என்று அவர் வினவினார். சூரியநாராயணர் எழுந்து, குகன் செலுத்தும் ஓடம் அன்னத்தின் நடைபோலச் செல்வதைக் கம்பர் பாடியுள்ள செய்யுளை எடுத்துக் கூறி விளக்கினார். மில்லர் வியந்தார்; அன்று முதல் அம்மாணவரிடம் தனி அன்பு கொண்டார்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் தமிழின் பெருமைக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. கற்பித்தல் நோக்கில் இதனை வேறு விதமாகவும் காணலாம். மில்லர் கேட்ட வினாவிற்கு அவருக்கே விடை தெரியாது. விடையறிந்த ஆசிரியர் மாணவரைச் சோதிக்கக் கேட்கும் வினா ஒருவகை. விடையறியாத ஆசிரியர் மாணவரிடமிருந்து அறிய விழையும் வினா மற்றொருவகை. தேர்வுக்குப் பயிற்றுவது முன்னது. ஆய்வுக்குத் தூண்டுவது பின்னது. மேலும், மாணவர் காட்டிய இணை வெறும் உவமை அளவில் நின்றுவிடவில்லை. தென்னிசனின் கவிதையில் மன்னனை வழியனுப்பிவிட்டுக் கரையில் ஒரு வீரன் தனித்து நிற்கிறான். கம்பரின் பாடலிலும் ஓடம் அகலக் கரையில் நிற்போர் உள்ளம் உருகுகின்றனர். பிரிவின் துயரை ஓடத்தின் அழகிய நகர்வோடு அருகருகே வைக்கும் உத்தி இரு கவிஞருக்கும் பொதுவாக உள்ளது. ஒப்பிலக்கியம் என்னும் துறைப்பெயர் தமிழ்க் கல்வியுலகில் நிலைபெறுவதற்குப் பல்லாண்டு முன்னரே ஓர் இளநிலை வகுப்பில் ஒப்பாய்வு நிகழ்ந்திருக்கிறது.

1892இல் சூரியநாராயணர் இளங்கலைத் தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

தேர்ந்துகொண்ட பணி

1893இல் அக்கல்லூரியிலேயே ஆசிரியப் பணி அவரை நாடி வந்தது. தத்துவத்துறையில் சேர்ந்திருப்பின் ஊதியம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அவர் தமிழைத் தேர்ந்தார். 1895இல் தமிழ்த்துறையின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது.

இத்தேர்வின் பொருளை உணர அக்காலத் தமிழாசிரியரின் நிலையை நினைவிற்கொள்ள வேண்டும். கல்லூரிகளில் ஆங்கிலமும் அறிவியலும் தத்துவமும் கற்பித்தோர் பேராசிரியர் எனப்பட்டனர். தமிழ் கற்பித்தோர் பண்டிதர் எனப்பட்டனர். பெயரில் இருந்த வேறுபாடு ஊதியத்திலும் மதிப்பிலும் இருந்தது. தமிழ் வகுப்பை இளைப்பாறும் வேளையாகக் கருதிய மாணவரும் உண்டு. பட்டம் பெற்றோர் தமிழாசிரியராவது அரிதாயிருந்த காலத்தில், பல்கலைக்கழகத்தின் முதல் மாணவர் ஒருவர் குறைந்த ஊதியத்தை விரும்பி ஏற்றுத் தமிழ் வகுப்பில் நின்றார். ஆங்கில இலக்கியமும் மேலைத் தத்துவமும் அறிந்த ஒருவர் அத்தகுதிகளோடு தமிழைத் தேர்ந்திருக்கிறார் என்பதே மாணவருக்கு முதற்பாடமாக அமைந்திருக்கும்.

அவர் தம்மோடு பணிபுரியத் தேர்ந்த ஒருவரையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1898இல் நாகப்பட்டினத்து வேதாசலம், பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர் பெற்றவர், இக்கல்லூரியின் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அவரிடம் கல்லூரிப் பட்டம் இல்லை. நேர்காணலில் குற்றியலுகரத்திற்கு எடுத்துக்காட்டுக் கேட்கப்பட்டபோது, தமக்கு அது தெரியாது என்னும் பொருள்பட வேதாசலம் மூன்று சொற்களில் விடையிறுத்தார் என்றும், அச்சொற்கள் ஒவ்வொன்றும் குற்றியலுகரத்தின் ஒவ்வொரு வகைக்கு எடுத்துக்காட்டாக அமைந்தன என்றும் ஒரு செய்தி தமிழாசிரியரிடையே வழிவழியாக வழங்குகிறது. பணிவின் தோற்றத்தில் வந்த விடையினுள் புலமையைக் கண்டுகொள்ளும் செவி, கேட்டவரிடம் இருந்தது என்பதே அச்செய்தியின் பொருள். சான்றிதழைக் கடந்து ஆற்றலை அறியும் இப்பண்பு வழிகாட்டும் ஆசிரியருக்கு அடிப்படைத் தகுதியாகும்.

இயற்றமிழ் மாணவர்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ., பி.ஏ. தேர்வுகளுக்குரிய தமிழ்ப்பாடம் குறிப்பிட்ட செய்யுட் பகுதிகளும் இலக்கணமும் உரைநடையும் கொண்டது. தேர்வுக்கு எது வருமோ அதைக் கற்பதே பெரும்பாலோர் நோக்கமாயிருந்தது. இவ்வெல்லையைப் பரிதிமாற்கலைஞர் இரு வழிகளில் கடந்தார். வகுப்பறைக்குள், பாடநூற் பகுதியை ஆங்கில இலக்கியத்தோடும் வடமொழியோடும் ஒப்பிட்டு விரித்தார். வகுப்பறைக்கு வெளியே, தமிழார்வம் மிக்க மாணவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துத் தமிழ் இலக்கிய இலக்கணங்களைத் தனியே கற்பித்தார். அவ்வாறு பயின்றோரை இயற்றமிழ் மாணவர் எனப் பெயரிட்டு அழைத்தார்.

இப்பெயரீடு சிறிய செயலாகத் தோன்றலாம். கல்லூரியில் ஒரு மாணவர் எஃப்.ஏ. மாணவர் அல்லது பி.ஏ. மாணவர், அவ்வடையாளம் தேர்வு தந்தது, தேர்வோடு முடிவது. இயற்றமிழ் மாணவர் என்னும் அடையாளமோ கற்கும் பொருளால் வந்தது. இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழ்ப் பாகுபாட்டின் ஒரு கூற்றைத் தம் பெயராகப் பெற்ற மாணவர், தாம் ஒரு மரபின் பகுதி என்று உணர்வார். பழைய பாடங்கேட்டல் மரபின் நெருக்கத்தையும் புதிய கல்லூரியின் பரந்த பார்வையையும் அவ்வில்ல வகுப்பு ஒன்றிணைத்தது. சபாபதி முதலியாரிடம் பெற்றதும் மில்லரிடம் பெற்றதும் அங்கே கலந்தன.

இவ்வகுப்பின் வரம்பையும் கூறாதிருத்தல் ஆய்வு நேர்மையாகாது. அந்நாளில் கல்லூரிக் கல்வி பெற்றோர் மிகச் சிலர். அவருள் பெரும்பாலோர் ஆண்கள், சமூகத்தின் மேல்நிலைகளைச் சார்ந்தோர். ஆசிரியரின் இல்லத்தளவில் நிகழ்ந்த கற்பித்தல் அவ்வட்டத்தைத் தானாக விரிவுபடுத்தியிருக்க இயலாது. இன்று முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக வரும் மாணவருக்கு அத்தகைய வழிகாட்டல் கிடைக்க வேண்டுமாயின், அது ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட ஈகையாக மட்டும் நின்றுவிடக்கூடாது. நிறுவனத்தின் கடமையாகவும் அமைய வேண்டும்.

நாடகத்தமிழ்: ஓர் ஆய்வும் அதன் செயல்முறையும்

பரிதிமாற்கலைஞரின் சொந்த ஆய்வுத்துறைகளுள் நாடகம் தலையாயது. முத்தமிழுள் ஒன்றாகப் போற்றப்பட்ட நாடகத்திற்குத் தமிழில் முழுமையான இலக்கண நூல் எஞ்சியிருக்கவில்லை. 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்தார். மறைந்துபோன பண்டைக் கூத்து, நாடக நூல்கள் பற்றிய செய்திகள் அவ்வுரை வாயிலாகப் பரவலாகத் தெரியவந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்திருந்தது. பழைய உரைகளின் துணுக்குகள் ஒருபுறம், வடமொழி நாடகவியல் ஒருபுறம், மில்லர் வகுப்பில் கற்ற ஆங்கில நாடகம் ஒருபுறம் எனக் கிடைத்தவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, 1897இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலைச் செய்யுள் வடிவில் இயற்றினார்.

இலக்கணம் கூறியதோடு அவர் அமையவில்லை. உரூபாவதி, கலாவதி, மானவிசயம் ஆகிய நாடகங்களையும் எழுதினார். சேரமான் கணைக்காலிரும்பொறையின் மானவுணர்வை மையமாகக் கொண்ட மானவிசயம், களவழி நாற்பது பாடப்பட்டதன் பின்னணியிலிருந்து எழுந்தது. தம் நாடகங்களில் தாமே வேடமேற்று நடிக்கவும் செய்தார். நாடகமேடையை இழிவாகக் கருதிய காலத்தில் ஒரு கல்லூரித் தமிழாசிரியர் அரங்கேறியது துணிவான செயல்.

இங்கு ஒரு முறைமை புலனாகிறது. உரைகளில் சிதறிக்கிடந்த செய்திகளைத் திரட்டுவது ஆய்வு. திரட்டியதிலிருந்து விதிகளை வகுப்பது கோட்பாடு. அவ்விதிகள் இயங்குமா என்பதை நாடகம் எழுதிப் பார்ப்பது படைப்பு. எழுதியதை மேடையில் நிகழ்த்திப் பார்ப்பது செய்முறை. இன்றைய பல்கலைக்கழகங்கள் ஆய்வுத்திட்டம் என்றும் படைப்புத்திட்டம் என்றும் பிரித்து வைத்துள்ள இரண்டும் ஒரே மனிதரின் ஒரே தேடலின் படிநிலைகளாக இருந்தன. கணைக்காலிரும்பொறையைப் பற்றி நாடகம் எழுத விழைபவர் அம்மன்னனைப் பற்றிய பாடல்களையும் உரைக்குறிப்புகளையும் வரலாற்றையும் நுணுகிக் கற்றாக வேண்டும். படைப்பு ஆய்வைத் தளர்த்துவதில்லை, அதனைக் கட்டாயமாக்குகிறது.

இதழும் புனைபெயரும்

1897இல் தொடங்கப்பட்ட ஞானபோதினி இதழில், அதே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த மு. சி. பூர்ணலிங்கம் பிள்ளையுடன் பரிதிமாற்கலைஞர் இணைந்து செயற்பட்டார். ஆங்கிலத் துறையினரும் தமிழ்த் துறையினரும் ஓர் இதழுக்காக இணைந்தது குறிக்கத்தக்கது. பரிதிமாற்கலைஞரின் மதிவாணன் என்னும் புனைகதை அவ்விதழில் தொடர்ந்து வெளிவந்தது.

அவர் எழுதிய தனிப்பாசுரங்கள், பதினான்கு அடிகளில் அமையும் ஆங்கிலச் செய்யுள் வகையைத் தமிழ் யாப்பில் அமைத்துப் பார்த்த புது முயற்சி. அவற்றைத் தம் பெயரில் வெளியிடாமல், தம் வடமொழிப் பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற்கலைஞர் என்னும் புனைபெயரில் வெளியிட்டார். சூரியன் பரிதியாயிற்று, நாராயணன் மாலாயிற்று, சாத்திரி கலைஞராயிற்று. இப்பெயர் மாற்றத்தைத் தனித்தமிழ் உணர்வின் வெளிப்பாடாகவே இன்று கொண்டாடுகிறோம். அவர் கருதிய உடனடி நோக்கமோ வேறு. எழுதியவர் யார் என்று அறிந்தால் படிப்பவர் அவரை நோக்கிப் புகழவோ இகழவோ கூடும்; பெயர் மறைந்தால் நூலின் தகுதி ஒன்றே மதிப்பிடப்படும் என்று அவர் எண்ணினார். ஆசிரியர் பெயரை மறைத்துக் கட்டுரையை மதிப்பிடும் இன்றைய ஆய்விதழ் முறைமையின் உட்கருத்தும் இதுவே. தொகுப்பின் பாடல்களை ஜி. யு. போப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

மாணவரின் எழுத்தை நாள்தோறும் திருத்தும் நிலையில் இருந்த ஒருவர், தம் எழுத்தைத் தாமறியாத வாசகரின் திருத்தத்திற்கு உட்படுத்தினார் என்பதை இங்கு நினைக்க வேண்டும். திருத்தப்படுதல் இழிவன்று என்பதைச் சொல்லால் கற்பிப்பதினும் செயலால் கற்பித்தல் வலியது.

அவருடைய புலமையை மதித்துத் திராவிட சாத்திரி என்னும் பட்டத்தைச் சி. வை. தாமோதரம் பிள்ளை வழங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் தாமோதரம் பிள்ளை. பட்டம் பெற்றபின் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தவர். பல்கலைக்கழகக் கல்வி பெற்ற ஒரு தலைமுறையினர் அடுத்த தலைமுறையினரை இனங்கண்டு ஏற்ற நிகழ்வாக இப்பட்டத்தைக் கருதலாம். 1901இல் தாமோதரம் பிள்ளை மறைந்தபோது அவர்தம் பதிப்புப் பணியைப் போற்றிப் பரிதிமாற்கலைஞர் இரங்கற்பா பாடினார்.

1902: வகுப்பறையைக் காத்தல்

1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் முதலிய நாட்டு மொழிகளை நீக்கி, வடமொழி போன்ற செவ்வியல் மொழிகளுக்கு மட்டும் இடமளிக்கும் முயற்சி எழுந்தது. செவ்வியல் மொழி என்னும் தகுதி கிரேக்கம், இலத்தீன், வடமொழி முதலியவற்றிற்கே உரியது எனக் கருதப்பட்ட காலம் அது. இம்முயற்சி நிறைவேறியிருப்பின் விளைவு தெளிவு. தமிழ் இளநிலை வகுப்புகளிலிருந்து மறையும். அவ்வகுப்பு மறைந்தால் தமிழாசிரியர் பணியிடமும் மறையும். அதன்பின் இயற்றமிழ் மாணவர் என அழைக்கத்தக்கவர் கல்லூரிக்குள் வரவே வாய்ப்பிராது.

பரிதிமாற்கலைஞரும் பூர்ணலிங்கம் பிள்ளையும் இதனை எதிர்த்தனர். பல்கலைக்கழகப் பொறுப்பில் இருந்தோரிடம் தமிழின் தகுதியை எடுத்துரைத்தனர். அவர்தம் முயற்சியால் அத்திட்டம் கைவிடப்பட்டது என வரலாற்றாளர் பதிவு செய்வர். மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச்சங்கம் தமிழ்ப்புலவரை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்த காலமும் அதுவே.

இவ்வெதிர்ப்பில் கவனிக்கத்தக்க கூறுகள் இரண்டு. முதலாவது, எதிர்த்தவர் வடமொழி அறியாதவர் அல்லர். அதனைத் தந்தையிடம் கற்றுத் தேர்ந்தவர். அவர் வடமொழியைப் பழிக்கவில்லை. அதற்குத் தரப்படும் தகுதி தமிழுக்கும் உண்டு என்று நிறுவ முற்பட்டார். இரண்டாவது, வெறும் உணர்ச்சி மொழிகளால் அவ்வாதம் நிற்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஒரு மொழியைச் செம்மொழி என வகைப்படுத்துவதற்குரிய அளவுகோல்கள் யாவை, அவற்றுள் தமிழ் எவற்றை நிறைவு செய்கிறது எனப் படிப்படியாக வாதிட்டார். மில்லரின் வகுப்பில் ஓர் ஓடத்தின் உவமையைக் கொண்டு செய்த ஒப்பீடு, இப்போது மொழிகளின் தகுதியை ஒப்பிடும் அளவிற்கு வளர்ந்திருந்தது. மாணவப் பருவத்து வினா ஒன்று பத்தாண்டுக்குப்பின் ஒரு துறையையே காக்கும் வாதமாக முதிர்ந்தது எனலாம்.

இறுதி நாள்கள்

ஆசிரியப் பணி, இல்லத்து வகுப்பு, இதழ், நாடகம், பதிப்பு, போராட்டம் எனப் பெருகிய உழைப்பின் நடுவே என்புருக்கி நோய் அவரைப் பற்றியது. அந்நாளில் அதற்கு மருந்தில்லை. அவருடைய தமிழ்மொழியின் வரலாறு என்னும் நூல் 1903இல் வெளிவந்தது. தமிழின் தோற்றம், வளர்ச்சி, பிற மொழிகளோடு அதன் உறவு ஆகியவற்றை ஆராய்ந்து, தமிழ் உயர்தனிச் செம்மொழியே என்னும் முடிவை நிறுவும் நூல் அது. ஒரு மொழியின் வரலாற்றை அம்மொழியின் உரைநடையிலேயே ஆய்வு நோக்கில் எழுத இயலும் என்பதை அது காட்டியது. கல்லூரி மாணவர் தமிழைப் பாடமாக மட்டுமன்றி ஆய்வுப்பொருளாகவும் காண அந்நூல் வழிவகுத்தது.

அதே ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பரிதிமாற்கலைஞர் மறைந்தார். தம் மாணவரின் முதிர்ந்த காலத்தைக் காண விழைந்திருந்த மில்லர், அம்மாணவரின் மறைவைக் காண நேர்ந்தது. அதற்குப்பின் நான்காண்டுகள் மில்லர் முதல்வராக நீடித்தார். 1916ஐ ஒட்டி மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் உருப்பெற்றது. 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. இரண்டின் வேர்களும் அக்கிறித்தவக் கல்லூரித் தமிழ் வகுப்பைத் தொட்டுச் செல்கின்றன.

முடிவுரை

பரிதிமாற்கலைஞரின் வாழ்விலிருந்து பின்வருவன முடிவுகளாகப் பெறப்படுகின்றன.

1. இளநிலை மாணவரின் ஆய்வு, ஆசிரியர் தாமும் விடையறியாத வினாவை மாணவர்முன் வைக்கும்போது தொடங்குகிறது. மில்லரின் வினாவும் அதற்குச் சூரியநாராயணர் தந்த விடையும் இதற்குச் சான்று.

2. தேர்வு தரும் அடையாளத்தினும் கற்கும் பொருள் தரும் அடையாளம் மாணவரை நெடுந்தொலைவு இட்டுச்செல்லும். இயற்றமிழ் மாணவர் என்னும் பெயரீட்டின் நோக்கம் இதுவே.

3. ஆய்வும் படைப்பும் ஒன்றையொன்று வளர்ப்பன. நாடகவியலும் மானவிசயமும் ஒரே தேடலின் இரு முகங்கள்.

4. வழிகாட்டும் ஆசிரியர் தாமும் மதிப்பீட்டிற்கு உட்பட வேண்டும். புனைபெயரில் வெளிவந்த தனிப்பாசுரங்கள் இதனை உணர்த்துகின்றன.

5. மேற்கண்ட யாவும் ஆசிரியரின் ஆர்வத்தால் பிறப்பினும், பாடத்திட்டத்தில் அத்துறைக்கு இடம் இருந்தாலன்றி நிலைபெறா. 1902இன் போராட்டம் காத்தது அவ்விடத்தையே.

இறுதியாகக் கூறிய இரு நிலைகளுக்கும் இடையே உள்ள தொடர்பே இக்கட்டுரை வலியுறுத்த விழைவது. விதிமுறையால் மட்டும் ஆய்வு பிறப்பதில்லை. இன்றைய திட்டக்கட்டுரைகளின் நிலை அதனைக் காட்டுகிறது. விதிமுறையின் காவலின்றி ஆய்வு நிலைப்பதுமில்லை. 1902 அதனைக் காட்டுகிறது. இன்று நமக்கு விதிமுறை வாய்த்துள்ளது. பாடத்திட்டத்தில் திட்டக்கட்டுரைக்கு இடமும் மதிப்பெண்ணும் உள்ளன. விளாச்சேரியிலிருந்து வந்த மாணவர் ஒருவருக்கு அந்நாளில் கிடைத்த வினாவும் வீட்டு வாசலும் இன்றைய மாணவருக்குக் கிடைக்கின்றனவா என்பதே தமிழ்த்துறைகள் தம்மை வினவிக்கொள்ள வேண்டியது. அவ்வினாவிற்குச் செயலால் விடை காணும் துறைகளிலேயே இளநிலை ஆய்வு உண்மையில் ஆய்வாக அமையும்.